செப்பனிடப்படும் நிலம்

விதிநூல்களை விதிநூல்களாகவே படிப்பது எனக்கு நெடுநாளையப் பழக்கம். இலக்கணம் கற்பிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு அது தொற்றிக்கொள்வது இயல்புதான். ஒரு நூற்பா எதை விதிக்கிறது என்பதைக் காட்டிலும், விதித்து முடித்த பிறகு எதை எண்ணித் தயங்குகிறது என்பதில்தான் சுவை அதிகம். தொல்காப்பிய இயல்கள் பலவற்றின் முடிவில் நிற்கும் புறனடை நூற்பாக்களை மாணவர்கள் தேர்வுக்காகக்கூடப் படிப்பதில்லை. விதிக்குள் அடங்காத உலகம் தலைகாட்டும் இடம் அதுதான் என்பதை எடுத்துச் சொன்னால், மதிப்பெண் உண்டா என்று கேட்கிறார்கள்.

கோல்ஃப் ஆட்டத்தின் விதிகளை நான் படிக்க நேர்ந்ததும் இந்த ஆர்வத்தால்தான். அந்த மட்டையை நான் கையால் தொட்டதில்லை. அதிகாரிகளும் செல்வந்தர்களும் ஆடும் ஆட்டம் என்ற எண்ணத்துக்கு மேல் அதில் அக்கறை இருந்ததுமில்லை. ஆனால் அந்த விதிகளுக்குள் ஒரு புறனடை இருக்கிறது. இருநூற்று எண்பது ஆண்டுகளாக அது சேர்க்கப்பட்டும் நீக்கப்பட்டும் மீண்டும் சேர்க்கப்பட்டும் வந்திருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன்.

ஆட்டத்தின் அடிப்படை எளியது. ஓரிடத்திலிருந்து பந்தை அடித்துத் தொலைவிலுள்ள ஒரு குழியில் விழச் செய்யவேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவர் வென்றவர். டென்னிஸுக்கும் கால்பந்துக்கும் இருப்பதைப் போல அளந்து கோடிட்ட களம் இதற்கு இல்லை. மேடு, பள்ளம், மணல், புதர், ஓடை எல்லாம் சேர்ந்ததே களம். எனவே பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து, எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அடித்தாகவேண்டும் என்பது தலையாய விதி. கையால் எடுத்து வசதியான இடத்தில் வைத்துக்கொண்டால் அதற்குத் தண்டம் உண்டு.

அப்படியானால், களத்தைப் பேணுகிறவர்களே தோண்டி வைத்த பள்ளத்தில் பந்து விழுந்தால் என்ன செய்வது? புல் வேர்பிடிக்கட்டும் என்று கொத்திப் போட்ட இடத்தில் விழுந்தால்? வெட்டிக் குவித்த புல்லுக்குள் விழுந்தால்? அது இயற்கை வைத்த சோதனையா, அல்லது வேறொருவர் செய்த வேலையின் எச்சமா? பின்னது என்றால் தண்டமில்லாமல் பந்தை எடுத்து வைக்கலாம் என்கிறது விதி. ஆங்கிலத்தில் இதற்கு ரிலீஃப் என்று பெயர். தமிழில் நிவாரணம் என்றுதான் சொல்லவேண்டும். அச்சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது வெள்ளமும் நியாயவிலைக் கடை வரிசையும் என்றாலும், பொருத்தம் முற்றிலும் தவறிவிடவில்லை. தன் குற்றமின்றி இழந்தவருக்குப் பொதுவிலிருந்து ஈடு செய்வது என்பதே இரண்டிடத்திலும் உள்ள கருத்து.

ஆட்டத்துக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விதித்தொகுப்பு 1744ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரை அடுத்த துறைமுக ஊரான லீத்தில் கூடி ஆடிய கனவான்கள், நகரவையிடமிருந்து பரிசாக ஒரு வெள்ளி மட்டையைப் பெற்றார்கள். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் விதி எழுதியாகவேண்டும். பதின்மூன்று விதிகளை எழுதினார்கள். அந்த முதற்போட்டியில் வென்ற ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவரின் கையெழுத்து விதிகளின் கீழ் இருக்கிறது. (மறு ஆண்டே இவர் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டின் கலகப் படையில் மருத்துவராகச் சேர்ந்து, கலோடன் தோல்விக்குப் பின் சிறைப்பட்டார். அரசுத் தரப்பில் நின்ற தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ் இவருக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். ஃபோர்ப்ஸும் லீத்தில் உடன் ஆடியவர். தூக்குக் கயிற்றிலிருந்தும் ஒரு நிவாரணம்!)

இந்தப் பதின்மூன்றில் மூன்று விதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். ஐந்தாம் விதி தண்ணீரைப் பற்றியது. பந்து நீரிலோ நீர் தேங்கிய சகதியிலோ விழுந்தால் வெளியே எடுத்துப் பின்னால் கொண்டுவந்து வைத்து அடிக்கலாம். ஆனால் எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடுக்கவேண்டும். பத்தாம் விதியின்படி, ஓடும் பந்தை ஒரு மனிதரோ குதிரையோ நாயோ மறித்துவிட்டால், மறித்து நின்ற இடத்திலிருந்தே அடிக்கவேண்டும். அதாவது நீர் இயற்கை. அதற்கு விலை உண்டு. நாய் தற்செயல், அதற்கு ஈடு கிடையாது. எஞ்சியிருப்பது பதின்மூன்றாம் விதி. புல்வெளியைப் பாதுகாப்பதற்காக அமைக்கப்பட்ட கால்வாயையோ அகழையோ மண்மதிலையோ, மாணாக்கர் குழிகளையோ, படைவீரர்களின் அகழ்வரிசையையோ ஆட்டத்தின் இடராகக் கருதக்கூடாது என்கிறது அது. அவற்றில் விழுந்த பந்தை எடுத்து, மேடை கட்டி வைத்து, ஏதேனும் ஓர் இரும்பு மட்டையால் அடிக்கலாம். தண்டம் பற்றிய பேச்சே இல்லை.

பாதுகாப்பதற்காக என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளம் எவ்வளவு ஆழம், ஈரமா உலர்ந்ததா என்றெல்லாம் விதி கேட்கவில்லை. எதற்காகத் தோண்டப்பட்டது என்று மட்டும் கேட்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பள்ளங்களில் ஒன்று காலம் அரித்தது, மற்றொன்று நீர் வடிவதற்காக வெட்டியது என்றால், முதலாவதில் விழுந்தவனுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் விழுந்தவனுக்கு விடுதலை. பள்ளத்தை வெட்டியவனின் நோக்கம் விதிக்குள் நுழைந்துவிடுகிறது.

மாணாக்கர் குழிகளும் படைவீரர் அகழ்களும் அந்த வரிசையில் ஏன் வந்தன என்பதை அறிய, லீத் புல்வெளி யாருடையது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். லிங்க்ஸ் எனப்படும் இந்தக் கடலோர மணற்பாங்கான புல்வெளிகள் ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஊர்ப்பொதுவாக இருந்தவை. நம்மூர்ப் புறம்போக்குப் போல என்று சொல்லத் தோன்றுகிறது. மந்தைவெளி என்பது இன்னும் நெருங்கி வரும். ஆடு மேய்வது அங்கே. துணி உலர்வது அங்கே. வலை காய்வது அங்கே. படைவீரர் பயிற்சி அங்கே. பையன்கள் விளையாடியதும் அங்கேதான். கனவான்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு தரப்பு மட்டுமே. பிறர் தோண்டிய குழியை மூடச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தங்கள் விதியைத்தான் வளைத்துக்கொள்ள முடியும்.

இரும்பு மட்டையால் என்று ஏன் வரையறுத்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அந்நாளைய பந்து, தோலுக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்தது, விலை மிகுந்தது, இரும்பு பட்டால் எளிதில் கிழியும். பந்தை எடுத்து மேடை கட்டி வைப்பது ஆடுபவனுக்குக் கிடைத்த சலுகை. இரும்பால் அடி என்பது அச்சலுகையில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இது என் ஊகமே. ஆனால் ஈடு செய்யும்போது இழந்ததற்குமேல் கொடுத்துவிடக்கூடாது என்ற கவலை பிற்காலத்து விதிகள் அனைத்திலும் தொடர்வதால் இவ்வாறு ஊகிக்கிறேன்.

இந்த விதி பதினான்கு ஆண்டுகளே நிலைத்தது. 1758இல் லீத் கனவான்களின் தலைவராக இருந்த தாமஸ் பாஸ்வாலின் பெயரால் ஒரு திருத்தம் வந்தது. ஐந்தாம் விதியும் பதின்மூன்றாம் விதியும் அடிக்கடி சச்சரவுகளுக்கு இடமளித்துவிட்டன என்பது திருத்தம் கூறும் காரணம். இனி எந்நிலையிலும் ஓர் அடியை இழக்காமல் பந்தைத் தூக்கக்கூடாது. மாணாக்கர் குழிகளுக்கு மட்டும் விலக்கு. மற்ற எல்லா இடத்திலும் கிடந்தபடியே அடிக்கவேண்டும். பந்து குறைந்தது பாதியளவேனும் நீரிலோ சகதியிலோ மூழ்கியிருந்தால் ஓர் அடி கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

என்ன சச்சரவு நடந்திருக்கும் என்று ஊகிப்பதற்குக் கற்பனை அதிகம் வேண்டியதில்லை. ஒரு கால்வாய் பாதுகாப்புக்காக வெட்டப்பட்டது என்று யார் சொல்வது? வெட்டியவர் அங்கே நிற்கப்போவதில்லை. பத்தாண்டுக்கு முன் வெட்டிய வடிகால் தூர்ந்து புல் மூடியபின் அது இன்னும் வடிகாலா, வெறும் பள்ளமா? பந்தயப் பணம் கையில் இருக்கும்போது நோக்கத்தைப் பற்றி வாதிடுவது எளிதன்று. பாஸ்வால் நோக்கத்தை விட்டுவிட்டு, கண்ணால் காணக்கூடியதைப் பிடித்துக்கொண்டார். பந்தில் பாதி நனைந்திருக்கிறதா என்பதைப் பார்த்தால் தெரியும். இதுவும் ஒரு நியாயம்தான். நீதியைச் சற்று இழந்து அமைதியை வாங்கும் நியாயம். மாணாக்கர் குழிகள் மட்டும் எப்படித் தப்பின என்றால், அவை எங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அதில் வாதத்துக்கு இடமிருந்திராது. சிறுவர்கள் தோண்டிய குழிக்கு ஈடு உண்டு, புல்வெளியைக் காக்கத் தோண்டிய அகழுக்கு ஈடு இல்லை என்று முடிந்துபோனது வரலாற்றின் குறும்பு.

இதற்கிடையில் 1754இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்தவர்கள் லீத் விதிகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு தம் சங்கத்தைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். நான்காம் வில்லியம் மன்னரின் ஆதரவால் 1834இல் இராயல் அண்ட் ஏன்ஷியன்ட் என்ற பெயர் பெற்ற சங்கம் இதுவே. விதி செய்யும் அதிகாரம் மெல்ல மெல்ல லீத்திலிருந்து அங்கே நகர்ந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அங்கே தோண்டியவை முயல்கள். 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் கைச்சாத்திட்ட சாசனம் ஒன்று அந்தப் புல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமையைப் பேராயருக்கும், கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் உரிமையை ஊராருக்கும் ஒரே மூச்சில் உறுதிசெய்கிறது. முயலும் பந்தும் ஒரே ஆவணத்தில் பிறந்த உடன்பிறப்புகள். கடனில் மூழ்கிய நகரவை 1797இல் புல்வெளியைக் கைமாற்றிவிட, அது முயல் வளர்க்கும் வணிகர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆடுபவர்களுக்கும் வளர்ப்பவர்களுக்கும் வழக்கும் கைகலப்புமாக இருபது ஆண்டுகள் கழிந்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற அண்டை நிலக்கிழார், அவரும் ஆட்டக்காரர், நிலத்தை வாங்கிய பிறகே அது ஓய்ந்தது.

அந்தச் சண்டைக்கு நடுவே, 1812இல், செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் எழுதிய விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. பந்து முயல் பிறாண்டிய இடத்தில் கிடந்தால் எடுக்கக்கூடாது. மற்ற இடர்களைப் போலவே பாவித்து அடிக்கவேண்டும். ஆனால் முயல் வளைக்குள் போய்விட்டால் எடுத்து வைத்து, இரும்பு மட்டையால், அடி இழப்பின்றி ஆடலாம். பிறாண்டல் வேறு, வளை வேறு! முயல் சும்மா மேற்பரப்பைக் கிளறிவிட்டுப் போனதற்கும், குடியிருப்பதற்காகத் தோண்டியதற்கும் வேறுபாடு காணும் இந்த நுட்பம் உரையாசிரியர்களுக்கு உரியது. நச்சினார்க்கினியர் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், லீத்தில் தோற்றுப்போன கேள்வி இங்கே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருப்பது புலப்படும். எந்தப் பள்ளம் ஆட்டத்தைச் சேர்ந்தது, எந்தப் பள்ளம் ஆட்டத்துக்கு வெளியே இருப்பது?

இதுவரை பேசியவற்றில் ஒரு மனிதர் தென்படவேயில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். புல்வெளியைப் பராமரிக்கிறவர். லீத் விதியில் பாதுகாப்புக் கால்வாய் இருக்கிறது, வெட்டியவர் இல்லை. அவர் விதிக்குள் வந்து சேர்வதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

பராமரிப்பு தனித்தொழிலாக உருக்கொண்டதில் பெரும்பங்கு டாம் மாரிஸுக்கு உண்டு. பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர். ஆனால் அவருடைய உத்தியோகம் புல்வெளிக் காப்பாளர். பிரெஸ்ட்விக்கில் இருந்தவரை 1864இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியத்தில் அழைத்துக்கொண்டது. வேலையை ஒப்படைத்தபோது ஒரு கைவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு வாரி ஆகியவற்றை அவர் கையில் கொடுத்தார்கள் என்பது அவ்வூர் மரபு. பிரெஸ்ட்விக்கில் ஒருமுறை கைவண்டி கவிழ்ந்து மணல் கொட்டிய இடத்தில் புல் செழித்து வந்ததைக் கண்டு, குழியைச் சுற்றிய புல்தரைகளுக்கு மணல் தூவும் முறையை அவர் கைக்கொண்டார் என்பார்கள். தம் உதவியாளரிடம் இன்னும் மணல், இன்னும் மணல் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததும் அங்கே சொலவடையாகிவிட்டது. 1903 வரை பணியில் இருந்தார், 1908இல் மறைந்தார்.

ஆடுகளும் முயல்களும் மேய்ந்து புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்த காலம் போய், எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற புல்வெட்டும் எந்திரமும், உருளையும், மணல் வண்டியும் களத்துக்குள் வந்தன. ஆட்டத்தை நேர்த்தியாக்கும் வேலையே ஆட்டத்துக்கு இடையூறாகவும் ஆனது. இதை ஊர்ப்பொது நிலத்தின் பழைய இடையூறுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விதிகளில், பந்து உலரும் துணியின்மேல் விழுந்தால் துணியைப் பந்துக்கு அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம் என்றும், சலவைத் தொட்டிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் கிடந்தால் தொட்டியை நகர்த்தலாம் என்றும் இருக்கிறது. சலவைக்கு வந்த பெண்களின் உரிமை அங்கே மறுக்கப்படவில்லை. அவர்களைப் போகச் சொல்லவில்லை. தொட்டியை மட்டும் சற்று நகர்த்துகிறார்கள்.

1897இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் விதிக்குழு ஒன்றை அமைத்தது. 1899இல் எல்லாருக்கும் பொதுவான தொகுப்பு வெளிவந்தது. அதில் ஒரு விதி, படிப்பதற்கு ஒரு தோட்டக்கொட்டகையின் பொருட்பட்டியல் போலவே இருக்கும். கொடிக்கம்பம், கைவண்டி, கருவி, உருளை, புல்வெட்டி, பெட்டி, வண்டி முதலிய தடைகளை அகற்றலாம். அவற்றைத் தொட்டுக்கொண்டோ, துணிகளின்மேலோ வலைகளின்மேலோ, செப்பனிடப்படும் நிலத்திலோ, தற்காலிகமாக மூடியோ திறந்தோ வைத்த இடத்திலோ கிடக்கும் பந்தை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். புல்வெளிக் காப்பாளர் தோண்டிய குழியில் விழுந்த பந்தையும் அவ்வாறே செய்யலாம்.

அந்தப் பட்டியலில் துணியும் வலையும் பழைய ஊராரின் எச்சங்கள். கைவண்டியும் உருளையும் புதிய தொழிலாளியின் வருகை. இரண்டு காலங்கள் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கின்றன. பின்வந்த தொகுப்புகளில் துணியும் வலையும் மறைந்தன. ஏனெனில் ஆடுபவர்கள் நிலத்தைத் தமக்கென்று வேலியிட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். மீனவரும் சலவைக்காரிகளும் வெளியே போனார்கள். காப்பாளர் மட்டும் உள்ளே தங்கினார், அவருடைய குழியாகவும் குவியலாகவும். இன்றைய விதிநூலிலும் அவர் ஒரு நபராக எதையும் செய்வதில்லை. அவர் விட்டுச்சென்ற தடயங்களே பேசப்படுகின்றன.

செப்பனிடப்படும் நிலம் என்ற அந்தச் சொற்றொடர் பிறகு கலைச்சொல்லாக நிலைபெற்றது. பிரிட்டனின் சங்கமும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் 1952இல் ஒரே விதித்தொகுப்பை ஏற்றன. 1984இன் மறுவரிசையில் இது இருபத்தைந்தாம் விதியாக இருந்தது. 2019இல் முப்பத்துநான்கு விதிகளை இருபத்துநான்காகச் சுருக்கியபோது பதினாறாம் விதியாயிற்று. இலக்கங்கள் மாறிய கதையில் நமக்குச் சுவையில்லை.

ஆனால் 1940ஐத் தாண்டிச் செல்ல முடியாது. லண்டனை அடுத்த ரிச்மண்ட் கோல்ஃப் சங்கம் அந்த ஆண்டு, ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்துகொண்டிருந்த நாட்களில், தற்காலிக விதிகள் சிலவற்றை வெளியிட்டது. குண்டுச் சிதறல்களை ஆட்டக்காரர்கள் பொறுக்கி எடுத்துவிடவேண்டும். இல்லையேல் புல்வெட்டும் எந்திரங்கள் பழுதாகும் என்பது முதல் வேண்டுகோள். காலந்தாழ்ந்து வெடிக்கும் குண்டுகள் கிடக்கும் இடங்கள் சிவப்புக் கொடிகளால் குறிக்கப்பட்டிருக்கும். கொடி நிற்கும் தொலைவு ஓரளவுக்குப் பாதுகாப்பானது, ஆனால் உத்தரவாதம் இல்லை. குண்டு வெடித்த பள்ளத்தில் விழுந்த பந்தைத் தண்டமின்றி எடுத்துப் போடலாம். பகைவரின் செயலால் பந்து நகர்ந்தால் மீண்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மட்டையை வீசும் கணத்தில் குண்டு வெடித்து அடி பிசகினால், வேறு பந்தை அடிக்கலாம், ஓர் அடி தண்டத்துடன்!

இதை ஆங்கிலேயரின் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாகவே எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதில் பதின்மூன்றாம் விதியின் தர்க்கம் அச்சுப் பிசகாமல் இயங்குவதைக் காண்கிறேன். குண்டுப் பள்ளம் நிலத்துக்கு நேர்ந்த காயம், ஆடுபவன் அதற்குப் பொறுப்பில்லை, எனவே நிவாரணம். வெடிச்சத்தம் கேட்டுக் கை நடுங்கியது ஆடுபவனுக்கு நேர்ந்தது. அதற்கு அவனே பொறுப்பு. உயிர்ப்பயத்துக்கு ஓர் அடி விலை வைத்த அந்தக் குழுவினரின் மன உறுதியை வியப்பதா, அஞ்சுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. புல்வெட்டும் எந்திரம் முதல் விதியிலேயே வந்துவிடுவதும் குறிப்பிடத்தக்கது. வானத்திலிருந்து நெருப்பு விழும் நாளிலும் திங்கட்கிழமை புல் வெட்டவேண்டுமே என்ற கவலை.

இந்த விதி கைவிட்ட இடம் ஒன்று உண்டு. அடிக்கும்போது மட்டை புல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். அந்த வடுவை டிவட் குழி என்பார்கள். முன்னால் ஆடியவர் விட்டுச்சென்ற வடுவுக்குள் நம் பந்து போய் உட்கார்ந்தால் நிவாரணம் இல்லை. அடிக்கவேண்டியதுதான். 1998இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் சங்கத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் இறுதி நாளை நான்கு அடி முன்னிலையோடு தொடங்கியவர் பெய்ன் ஸ்டூவர்ட். பன்னிரண்டாம் குழிக்கு அவர் அடித்த முதல் அடி பழுதற்றது. பந்து களத்தின் நடுவே நல்ல இடத்தில் விழுந்தது. போய்ப் பார்த்தால், மணல் நிரப்பிய ஒரு டிவட் குழிக்குள் கிடந்தது. அந்தக் குழியில் ஓர் அடியை இழந்தார். போட்டியில் லீ ஜேன்சனிடம் தோற்றதும் ஒரே ஓர் அடியில்தான். அடுத்த ஆண்டு பைன்ஹர்ஸ்ட்டில் அதே பட்டத்தை வென்றார். வென்ற சில மாதங்களில், 1999 அக்டோபரில், விமான விபத்தில் இறந்தார்.

விதியின் தரப்பு வாதம் தெளிவானது. டிவட் ஆட்டத்தால் உண்டாவது; பராமரிப்பால் அன்று. அதற்கு நிவாரணம் என்று தொடங்கினால் எது புதிய வடு, எது ஆறிய வடு, எது வெறும் மொட்டைத் திட்டு என்று பாஸ்வால் அஞ்சிய சச்சரவு ஒவ்வோர் அடிக்கும் எழும். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஸ்டூவர்ட்டின் பந்து கிடந்தது மணலில். வடுவில் மணலை இட்டு நிரப்புவது புல் மறுபடி முளைப்பதற்காக. டாம் மாரிஸ் கைக்கொண்ட அதே வைத்தியம். கொத்திய நிலத்துக்கும் குவித்த புல்லுக்கும் ஈடு தருகிற விதி, மருந்திட்ட காயத்துக்கு மட்டும் ஈடு தர மறுப்பது அதன் சொந்தத் தர்க்கத்துக்கே முரண் என்றுதான் எனக்குப் படுகிறது. வசதிக்காக வரைந்த கோட்டுக்குக் கொள்கையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

காற்றோட்டத் துளைகளிலும் இதே கதை. மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் காற்றும் நீரும் இறங்கவேண்டும் என்று புல்தரை முழுவதும் விரல் பருமனுக்கு நூற்றுக்கணக்கில் துளையிடுவார்கள். அவை பராமரிப்பாளர் இட்ட துளைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் செப்பனிடப்படும் நிலம் என்பதன் வரையறை, பராமரிப்பாளர் தோண்டிய குழிகளைச் சேர்த்துக்கொண்டு காற்றோட்டத் துளைகளை மட்டும் பெயர் சொல்லி விலக்குகிறது. காரணம் வெளிப்படை. எங்கே திரும்பினாலும் துளை இருக்கும்போது துளையில்லாத இடத்துக்கு எப்படிப் பந்தை நகர்த்துவது? அந்தந்தச் சங்கம் விரும்பினால் தனிவிதி வைத்து நிவாரணம் தரலாம் என்று விட்டுவிட்டார்கள். நிவாரணம் எல்லோருக்கும் தேவைப்படும்போது யாருக்கும் கிடைப்பதில்லை என்பதை நம் நாட்டில் விளக்கத் தேவையில்லை.

இன்றைய நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கம் வெள்ளைக் கோடு போட்டோ முளைகள் அடித்தோ செப்பனிடப்படும் நிலத்தைக் காட்டும். பந்து அதில் கிடந்தாலும், அடிப்பவரின் காலூன்றும் இடமோ மட்டை வீச்சோ அதனால் தடைப்பட்டாலும், முற்றிலும் விடுபடும் அண்மைப் புள்ளியைக் கண்டு, அதிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விழவிடவேண்டும். அண்மைப் புள்ளி முள்புதருக்குள் அமைந்தால் அது அவரவர் பாடு. சிறந்த இடத்தைத் தருவதாக விதி வாக்களிக்கவில்லை; அருகிலுள்ள இடத்தை மட்டுமே தருகிறது. இரும்பு மட்டையின் இடத்தில் இன்று இந்தக் கட்டுப்பாடு.

இந்த நிவாரணம் உரிமை என்ற நிலையிலிருந்து கடமையாக மாறும் இடங்களும் வந்துவிட்டன. வேறொரு குழிக்குரிய புல்தரையில் பந்து நின்றால் அங்கிருந்து அடிக்கவே கூடாது, எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆடத் தடைசெய்த பகுதி என்று இளங்கன்றுகளையோ அரிய தாவரங்களையோ காக்கச் சங்கம் வரையறுத்த இடத்திலும் அப்படியே. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய களத்தில் குளிர்கால மாதங்களில் ஆட வருபவர்கள் ஒரு சிறு பாயைக் கையோடு எடுத்துச்சென்று, பந்தை அதன்மேல் வைத்து அடிக்கும் ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் இருந்து வந்திருக்கிறது. இங்கெல்லாம் நிவாரணம் பெறுவது புல்.

2019ஆம் ஆண்டுத் தொகுப்பின் வரையறையில் இன்னொரு வரி இருக்கிறது. வெட்டிய புல்லும் இலையும் பிறகு அகற்றுவதற்காகக் குவிக்கப்பட்டிருந்தால் அக்குவியல், கோடு எதுவும் இல்லாமலேயே, செப்பனிடப்படும் நிலம். அகற்றும் எண்ணமின்றி அப்படியே விட்டுவிட்ட குவியல் அன்று. சங்கம் தனியே அறிவித்தாலொழிய அதற்கு நிவாரணமில்லை. இரண்டு குவியலும் பார்வைக்கு ஒன்றே. ஒரே புல், ஒரே உயரம். மட்கத் தொடங்கியிருக்கிறதா, வண்டித்தடம் அருகில் இருக்கிறதா என்று நடுவர் குனிந்து பார்க்கலாம். அதற்குமேல் தெரியவேண்டுமென்றால், களத்தின் மறுகோடியில் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் ஆளை அழைத்து, இதை அள்ளிக்கொண்டு போக நீ திரும்பி வருவாயா என்று கேட்கவேண்டியதுதான்.